வெண்கலப் பலிபீட மாதிரி வாங்கினேன்: கொம்பு நாலு, குறை அஞ்சாறு

படிக்கட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான், எரிச்சலும் அங்கேதான் ஆரம்பித்தது, அதனால் விலை, தரம், கூரியர் கதையெல்லாம் அப்புறம். நான்கு படி, பளபளவென்று, பலிபீடத்தின் முன்பக்கத்தில் செருகிக்கொள்ளத் தோதாக இரண்டு துளை வேறு. செய்தவர் வேதாகமத்தில் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை ஒரே ஒரு முறை படித்திருந்தால் இந்தத் துண்டை அறுத்திருக்கவே மாட்டார். என் பலிபீடத்துக்குப் படிகளால் ஏறாதே என்று அங்கே பச்சையாகச் சொல்லியிருக்கிறது. காரணமும் கூடவே இருக்கிறது: ஏறுகிறவனுடைய உடம்பு கீழே நிற்கிறவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

நான் மண்டபம் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறவள். மே மாத வி.பி.எஸ்.ஸுக்கு, அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, இந்த வருஷம் மோசே வனாந்தரத்தில் செய்த பலிபீடம் என்று தலைப்பு வைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஆகவே அப்பாக்கள் எல்லாம் கரையில்தான். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்படியே ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்ப்பார்கள். சார்ட் பேப்பரில் படம் வரைந்து காட்டினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், அப்பாக்கள் கொட்டாவி விடுவார்கள். அதனால்தான் ஆன்லைனில் தேடி இதை வாங்கினேன். "வெண்கலப் பலிபீடம், வேதாகம அளவு மாதிரி, பணிமுட்டுகளும் தமிழ் விளக்கக் கையேடும் சேர்த்து" என்று போட்டிருந்தது. பணிமுட்டு என்றால் பலிபீட வேலைக்கான கருவிகள். 2,850 ரூபாய், அனுப்பும் செலவு 180. கடைப் பெயரை எழுதப் போவதில்லை, சண்டை போட எனக்கு நேரமில்லை. ஆனால் இதே படத்தைப் போட்டு நாலைந்து பேர் விற்கிறார்கள், வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அளவு சரி. ஒரு முழத்துக்கு 6 செ.மீ. என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், ஐந்து முழ நீளம், ஐந்து முழ அகலம், மூன்று முழ உயரம் என்கிற யாத்திராகமம் 27-இன் கணக்குப்படி 30-க்கு 30, உயரம் 18 செ.மீ. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பவில்லை. நம் வேதாகமத்தில் இதை முழம் என்றே போட்டிருப்பது எவ்வளவு பெரிய வசதி! பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மல்லிகைச் சரத்தை இழுத்து அளப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் மாதிரியை வெளியே எடுக்காமலே, ஒரு கயிற்றைக் கொடுத்து, ஆளுக்கொரு முழமாக அளந்து சர்ச் வளாகத்து மணலில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடச் சொன்னேன். எட்டு வயதுக்காரியின் முழமும் உப்பளத்தில் வேலை பார்க்கிற தாத்தாவின் முழமும் ஒன்றாக வருமா? கட்டம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது, ஒரே சண்டை. அப்புறம் சராசரி 45 செ.மீ. என்று வைத்து இரண்டேகால் மீட்டருக்கு இரண்டேகால் மீட்டர் போட்டோம். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அதற்குள் நெருக்கி நின்றார்கள். உயரம் 1.35 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு நான்காம் வகுப்புப் பையன் நிற்கிற உயரம். ஒரு முழு மாட்டை வைத்து எரிக்கிற இடம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

இனி குறைகள்.

"வெண்கலம்" என்பது பெயிண்ட். விளம்பரத்தில் "வெண்கல ஃபினிஷ்" என்று பொடி எழுத்தில் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. உள்ளே இருப்பது எம்.டி.எஃப். பலகை. என் வீட்டுக்காரருடைய பெரியப்பா பாம்பனில் ஓடாவி, ஐம்பது வருஷமாக வத்தையும் வள்ளமும் கட்டுகிறவர். அவர்கள் வீடு கத்தோலிக்கம், நான் சி.எஸ்.ஐ., அதில் எங்களுக்குள் ஓயாத கேலி உண்டு. ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தவரிடம் பெருமையாக எடுத்துக் காட்டினேன். கவிழ்த்துப் பிடித்து அடிப்பக்கத்தை நகத்தால் ஒரு கீறு கீறினார். "இது மரமே இல்ல தாயி, மரத்தூளப் பசை போட்டு அழுத்துன அட்ட. உப்புக் காத்துக்கு ஆறு மாசம் தாங்குனாப் பெரிசு" என்றார். ஆறு மாதமெல்லாம் இல்லை, மூன்றாவது வாரமே ஒரு மூலை நனைந்த ரஸ்க் மாதிரி உப்பிவிட்டது. கடலோரத்தில் இருக்கிறவர்கள் வார்னிஷ் அடிக்காமல் இதை வெளியே வைக்காதீர்கள்.

"உண்மையில என்ன மரத்துல செஞ்சாகளாம்?" என்று கேட்டார். சீத்திம் மரம் என்றேன். அப்படியொரு மரத்தைத் தான் கேள்விப்பட்டதில்லை என்றார். நம் வேல மரத்தின் இனம்தான் மாமா, சீனாய் வனாந்தரத்தில் அதுதான் வளரும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வங்குக்குப் போடுற கட்டைன்னு சொல்லு!" படகின் விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்து வருமே, அந்த வங்குக்கு இயல்பிலேயே வளைந்த கருவேலங்கட்டையைத் தேடித் தேடி எடுப்பார்களாம், நேர்க்கட்டையை வளைத்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அது நிமிரப் பார்க்குமாம். பழைய எகிப்தில் நைல் நதிச் சரக்குப் படகுகளை வேல மரத்தில் கட்டினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். எகிப்தில் நானூறு வருஷம் இருந்துவிட்டு வந்த ஜனத்துக்கு அந்த மரத்தின் குணம் தெரிந்திருக்காமலா போகும். ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும்: சர்ச்சுக்குப் பின்னால் காடாக மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம் இது இல்லை, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, பெயரில் மட்டும்தான் சொந்தம். குடை விரித்த மாதிரி தட்டையான தலையோடு நம் கடற்கரை மணலில் நிற்கிற உடை மரம்தான் சீத்திமுக்கு நெருங்கிய உறவு. மறுநாள் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் ஒரு உடை மரத்தடியில் உட்கார வைத்துத்தான் பாடம் எடுத்தேன், முள் குத்தியதில் இரண்டு பேர் அழுதார்கள்.

கையேட்டில் சீத்திம் மரத்துக்கு "அழுகாத மரம், ஆகவே கிறிஸ்துவின் பாவமற்ற மனிதத்தன்மை" என்று போட்டிருக்கிறது. வெறும் பிரசங்கக் கற்பனை என்று ஒதுக்கப் பார்த்தேன், ஒதுக்க முடியவில்லை. கிறிஸ்துவுக்கு முன்பே செய்த கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இந்த இடத்தில் "அழுகாத மரம்" என்றே எழுதியிருக்கிறார்கள், ஆக இந்த விளக்கத்துக்கு வேர் இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்தது வேறு. வனாந்தரத்தில் கைக்கு எட்டிய ஒரே மரம் அது, முள் மரம். லீபனோன் கேதுரு எல்லாம் பின்னால் சாலொமோன் காலத்தில்தான் வருகிறது. எது கிடைக்குமோ அதைத்தான் ஆண்டவர் கேட்டிருக்கிறார்.

கொம்புகளுக்கு வருவோம். நான்கில் ஒன்று கூரியரிலேயே உடைந்து பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தது. மற்ற மூன்றையும் ஆட்டிப் பார்த்தால் ஃபெவிகால் போட்டு ஒட்டியது நன்றாகத் தெரிகிறது. நாலு மூலையிலும் இருக்கிற கொம்புகள் பலிபீடத்தோடு ஏகமாயிருக்க வேண்டும் என்று வசனம் தெளிவாகச் சொல்கிறது, அதாவது தனியாகச் செய்து பொருத்தியதாக இருக்கக் கூடாது. இது சில்லறைக் குறையாகத் தெரியலாம், எனக்கு அப்படியில்லை. பாவநிவாரண பலியின் இரத்தத்தைப் பூசுவது அந்தக் கொம்புகளில்தான். உயிருக்குப் பயந்து ஓடிவருகிறவன் பிடித்துக்கொள்வதும் அதைத்தான். பிடிக்கிற இடமே கையோடு கழன்று வந்தால் என்ன அர்த்தம்? பெரிய மாமா உடைந்த கொம்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஒட்டுன கொம்பு ஒட்டுன கொம்புதான்" என்றார், அதை அப்படியே வகுப்பில் சொன்னேன்.

கையேடு அதோனியா கதையை மட்டும் சொல்கிறது. தாவீதின் மகன் அதோனியா, ராஜாவான தம்பி சாலொமோனுக்குப் பயந்து கொம்புகளைப் பிடித்தான், அப்போதைக்குத் தப்பினான், இயேசுவைப் பற்றிக்கொண்டால் நாமும் தப்புவோம், முடிந்தது. அடுத்த அதிகாரத்திலேயே தாவீதின் படைத்தலைவன் யோவாபும் அதே கொம்பைப் பிடிக்கிறான், அவனை அங்கேயே வெட்டிப்போடுகிறார்கள். வேண்டுமென்று துணிந்து கொலை செய்தவனை என் பலிபீடத்திலிருந்தும் பிடித்துக்கொண்டுபோ என்று யாத்திராகமம் 21 சொல்வதை யோவாப் மறந்திருக்கலாம், கையேடு எழுதினவரும் மறந்திருக்கிறார். கொம்பு தாயத்து இல்லை. இதை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு அதோனியாவை மட்டும் சொல்லிக்கொடுத்தால், பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் சர்ச்சுக்கு வந்து பலிபீடக் கம்பியைப் பிடித்துக்கொள்கிற பழக்கம்தான் வரும்.

அடுத்தது சல்லடை. தமிழ் வேதாகமத்தில் அதற்கு "வலைப்பின்னல்போன்ற" என்று ஒரு சொல் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வலை என்றால் பாடப்புத்தகத்துப் படம் இல்லை, விடிந்ததும் திண்ணையில் அப்பா கிழிசலை முடிந்துகொண்டிருப்பது. மாதிரியில் சல்லடை என்று வந்திருப்பது வட்ட ஓட்டை போட்ட ஒரு தகரத் தகடு. ஐந்தாம் வகுப்பு படிக்கிற ஒருத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது வலை இல்ல, இட்லித் தட்டு" என்றாள். இதற்கு மேல் நான் விமர்சனம் எழுத என்ன இருக்கிறது. அந்தச் சல்லடை பலிபீடத்துக்கு உள்ளே நடுவில் கிடைமட்டமாக இருந்ததா, இல்லை வெளிப்புறத்தில் கீழ்ப்பாதியைச் சுற்றி நின்றதா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு, எபிரெய வாசகம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. கையேடு உள்ளேதான் என்று ஒரே போடாகப் போடுகிறது.

மாமாவுக்கு வேறு சந்தேகம். "உள்ள வெறும் கூடுன்னு சொல்ற, மரச் சட்டம், மேல தகடு. இதுல ராவும் பகலும் தீ எரிஞ்சா மரம் கருகாதா?" நல்ல கேள்வி, நான் பத்து வருஷம் பாடம் எடுத்தும் எனக்குத் தோன்றாத கேள்வி. பதிலையும் அவரே சொன்னார். பாய் விரித்துப் போகிற காலத்தில் மரப் படகிலேயே சோறு பொங்குவார்களாம். தகர டின்னில் பாதிக்கு மணலைப் போட்டு அதன்மேல் அடுப்பு, சூட்டை மணல் குடித்துவிடும், பலகைக்கு ஒன்றும் ஆகாது. "அதே மாதிரி மண்ணப் போட்டு நிரப்பியிருப்பாக" என்றார். 11-ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷியும் இதையேதான் சொல்கிறார்: பாளயம் இறங்குகிற இடத்தில் அந்தக் கூட்டுக்குள் மண்ணை நிரப்புவார்கள், கிளம்பும்போது கொட்டிவிடுவார்கள். எனக்குச் சட்டென்று ஒரு முடிச்சு அவிழ்ந்தது. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மண்ணினால் பலிபீடம் செய் என்கிறார், 27-இல் வெண்கலப் பலிபீடம் என்கிறார், இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று நெடுநாளாக எனக்குள் ஒரு உறுத்தல். மண் உள்ளே, வெண்கலம் வெளியே. போகிற ஊரெல்லாம் அந்தந்த ஊர் மண். தூக்கிக்கொண்டு போவது சட்டம் மட்டும்தான்.

அப்போது பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மாமியார், "அதான் ஓரியூர்ல மண்ணெடுக்குறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். ஜான் டி பிரிட்டோ என்கிற யேசு சபைக் குரு அருளானந்தரை 1693 பிப்ரவரி 4 அன்று கிழவன் சேதுபதி காலத்தில் தலையை வெட்டிய இடம் ஓரியூர், அந்தச் செம்மண்ணை அவர் இரத்தம் பட்ட மண் என்று காகிதத்தில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். கத்தோலிக்கப் பலிபீடங்களில் வேதசாட்சிகளின் திருப்பண்டத்தை, அதாவது எலும்பு போன்ற எச்சத்தை, வைக்கிற பழைய வழக்கத்தையும், வெளிப்படுத்தல் 6-இல் தேவவசனத்துக்காகக் கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழே இருப்பதாக யோவான் கண்டதையும் சேர்த்துப் பார்த்தால், மாமியார் சொன்னது அவ்வளவு சாதாரணமில்லை. மண்ணெடுக்கிற வழக்கம் எங்கள் சபையில் கிடையாது, எனக்கு அதில் தயக்கம் உண்டுதான், ஆனாலும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது, பலிபீடத்தைச் சுமக்கிற தண்டுகள். இது முழுக்கத் தப்பு. இரண்டு தண்டையும் வளையங்களில் செருகி, அசையாதபடி பசை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். கழற்றவே கூடாது என்று சொல்லியிருப்பது உடன்படிக்கைப் பெட்டியின் தண்டை. பலிபீடத்துக்கோ சுமக்கும்போது பாய்ச்ச வேண்டியது என்றுதான் இருக்கிறது. நான் கத்தியால் சுரண்டி எடுத்ததில் ஒரு தண்டு முறிந்தது. விற்றவருக்கு எழுதினேன், உடைந்த கொம்புக்கும் முறிந்த தண்டுக்கும் மாற்று அனுப்பினார்கள், காசு கேட்கவில்லை, பத்து நாள் ஆனது. படிக்கட்டைப் பற்றி எழுதியதற்கு மட்டும் பதிலே இல்லை.

சுமப்பதைப் பற்றி ஒரு சுவாரசியம். பாளயம் புறப்படும்போது பலிபீடத்தின் சாம்பலை அள்ளிவிட்டு, இரத்தாம்பரத் துணி விரித்து, பணிமுட்டுகளை அதன்மேல் வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே தகசுத்தோலைப் போட்டு மூட வேண்டும் என்று எண்ணாகமம் 4 சொல்கிறது. செட்டில் ஊதா சாட்டின் துணி இருக்கிறது, தோல் இல்லை. கையேட்டில் தகசு என்பதற்குப் "பேட்ஜர்" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். தகசு எந்த மிருகம் என்பதில் பழைய காலத்திலிருந்தே ஒருமித்த கருத்து கிடையாது, சாயம் போட்ட தோல் என்கிறவர்களும் உண்டு. ஆனால் இன்னொரு கருத்து இருக்கிறது, அதைத்தான் எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நான் சொன்னேன்: ஆவுளியா! செங்கடலிலும் அது உண்டு, 19-ஆம் நூற்றாண்டில் ருப்பெல் என்ற ஜெர்மன் ஆய்வாளர் செங்கடல் ஆவுளியாவுக்கு "கூடாரத்துக்குரியது" என்று பொருள்படும் லத்தீன் பெயரையே வைத்தார். கடற்பசு என்று வனத்துறை போர்டில் பார்த்திருக்கிற பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். உறுதியாகத் தெரியாது, ஒரு கருத்துதான் என்று மூன்று தடவை சொன்னேன். வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

கையேட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், 32 பக்கம், பளபளத் தாள். தமிழ் சகிக்கவில்லை. கொம்பு என்று எழுத வேண்டிய இடத்தில் "நான்கு ஹார்ன்கள்" என்று இருக்கிறது, பின் வரிசைப் பையன்கள் லாரி ஹார்ன் அடித்து வகுப்பே கலகலத்துப்போனது. அதையும் மன்னித்துவிடலாம். வெண்கலம் என்றால் நியாயத்தீர்ப்பு, ஐந்து என்றால் கிருபை, நாலு மூலை என்றால் நாலு சுவிசேஷம் என்று பஞ்சாங்கம் மாதிரி அட்டவணை போட்டிருப்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெண்கலத்துக்கு நியாயத்தீர்ப்பு என்று எந்த வசனம் சொல்கிறது? தீயைத் தாங்க வேண்டும், அதனால் வெண்கலம். இன்னும் சொல்லப்போனால், மோசேக்கு எதிராகக் கலகம் செய்த கோராகின் கூட்டத்தார் 250 பேர் எரிந்துபோன பிறகு அவர்களுடைய தூபகலசங்களைத் தகடாக அடித்து இந்தப் பலிபீடத்தின்மேல் போர்த்தினார்கள் என்று எண்ணாகமம் 16-இல் இருக்கிறதே, நியாயத்தீர்ப்பைப் பேச அந்தத் தகடு போதாதா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பலிபீடத்தை நகை மாதிரி ஒவ்வொரு பாகமாக எடுத்து மினுக்குகிறார்கள். அது அடுப்பு மாதிரி, தினமும் வேலை நடந்த இடம். அங்கே நடந்த வேலையைப் பார்த்தால் அமைப்புக்கு அர்த்தம் தானாக வரும், எபிரெயர் நிருபமும் அப்படித்தான் பார்க்கிறது: நமக்கு ஒரு பலிபீடமுண்டு என்று சொன்ன கையோடு, அது மரத்தையும் தகட்டையும் பேசவில்லை, பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்பட்ட உடல்களையும் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டவரையும் பேசுகிறது.

மண்ணைத் தோண்டிக் கண்டெடுத்த பலிபீடங்களைப் பற்றியும் கையேட்டில் ஒன்றும் இல்லை, அது பெரிய இழப்பு. இஸ்ரவேல் நாட்டுப் பெயெர்செபாவில் 1973-இல் ஒரு கிடங்குச் சுவருக்குள் சாதாரணக் கட்டுமானக் கல்லாகப் புதைந்து கிடந்த கற்களைச் சேர்த்துப் பார்த்தபோது கொம்புள்ள பலிபீடமாக வந்தது, ஒரு கல்லில் பாம்பு உருவம்கூட இருக்கிறது. அதை யாரோ பிரித்துப்போட்டுச் சுவருக்குப் பயன்படுத்திவிட்டார்கள், எசேக்கியா ராஜா மேடைகளை அகற்றிய காலத்தோடு பலர் அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்தக் கற்கள் வெட்டிச் செதுக்கியவை, உளி படக் கூடாது என்று யாத்திராகமம் 20-இல் இருக்கிற கட்டளைக்கு நேர் எதிர். அதே நாட்டில் ஆராத் என்ற இடத்துப் பழைய கோயிலில் கிடைத்ததோ வெட்டாத கல்லும் மண்ணுமாகக் கட்டியது, அளவும் ஏறத்தாழ ஐந்து முழச் சதுரம். அதே கோயிலின் சிறிய தூபபீடங்களில் ஒட்டியிருந்த எச்சத்தைச் சோதித்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள், ஒன்றில் சாம்பிராணி இனத்துக் குங்கிலியம், இன்னொன்றில் கஞ்சா. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, ஜன்னலோர அப்பாக்களுக்கு மட்டும் சொன்னேன்.

திரும்பவும் படிக்கட்டு. படி கூடாது என்றால் மூன்று முழ உயரத்துக்கு எப்படி ஏறினார்கள்? ஆரோன் பலியிட்டுவிட்டு இறங்கினான் என்று லேவியராகமம் 9-இல் இருப்பதால் ஏதோ ஒரு ஏற்றம் இருந்திருக்கிறது. பிற்கால எருசலேம் தேவாலயத்தில் 32 முழ நீளச் சரிவுப் பாதை இருந்தது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது, படி அல்ல, சரிவு. அதே இடத்தில், இரும்பு மனுஷன் ஆயுசைக் குறைக்கப் படைக்கப்பட்டது, பலிபீடம் ஆயுசைக் கூட்ட, ஆகவே அதன்மேல் இரும்பு படக் கூடாது என்றும் ஒரு விளக்கம் இருக்கிறது. நம் பிரசங்கிமார் இன்னொரு படி மேலே போய், படி கிடையாது என்றால் நம் முயற்சியால் ஏறி தேவனிடம் சேர முடியாது என்று அர்த்தம் என்பார்கள். அழகான வார்த்தைதான். வசனம் சொல்கிற காரணம் வெட்கம் மறைப்பது, ஆண்டவருக்கு முன்னால் நிற்கிறவனின் மானத்தை அவரே காப்பாற்றுகிறார், எனக்கு அது போதும். எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட பலிபீடத்துக்குக் கிழக்கு நோக்கிப் படிகள் உண்டு என்று யாராவது கமெண்டில் வருவீர்கள், தெரியும். இது மோசேயின் பலிபீடம் என்று பெட்டிமேலேயே அச்சடித்து விற்கிறார்கள், எசேக்கியேலுடையது அல்ல.

பணிமுட்டுகள் ஐந்து வகை என்று வசனம். செட்டில் வந்தது மூன்று: முள்துறடு, கரண்டி, கிண்ணி. நெருப்புச்சட்டியும் சாம்பல் எடுக்கிற சட்டியும் இல்லை. எனக்கு இருந்ததிலேயே பெரிய ஏமாற்றம் இதுதான். தீ ஒருபோதும் அவியக் கூடாது என்றால் சாம்பல் மலையாகக் குவியும், அதை யாராவது அள்ளித்தானே ஆக வேண்டும். ஆசாரியன் சணல்நூல் அங்கி போட்டுக்கொண்டு சாம்பலை எடுத்துப் பலிபீடத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்புறம் உடுப்பு மாற்றிக்கொண்டு அதைப் பாளயத்துக்கு வெளியே சுத்தமான இடத்துக்குச் சுமந்து போக வேண்டும், லேவியராகமம் 6. ஆரோனின் மகன்களுக்கே சாம்பல் அள்ளுகிற வேலை இருந்தது என்று சொன்னதும், தினமும் காலையில் வீட்டு அடுப்புச் சாம்பலை அள்ளுகிற ஒரு பெண்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு மறக்காது. சட்டிக்குப் பதில் ஒரு பெரிய சங்குச் சிப்பியைக் கொடுத்தேன். மாதிரிக்குள் கடல் மணலை நிரப்பி, மேலே சிரட்டைக் கரித் துண்டு இரண்டு, கொஞ்சம் சாம்பிராணி. மணல் போட்டும் விளிம்பில் பெயிண்ட் கொப்பளித்துவிட்டது, நீங்கள் செய்யாதீர்கள். ஆறின பிறகு ஆளுக்கொரு சிப்பி சாம்பலை அள்ளிக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆட்டம் போடுகிற பையன்கள்கூட அன்றைக்கு ஏனோ மெதுவாக நடந்தார்கள்.

கடைசி நாள் மத்தேயு 5. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடே ஒப்புரவாகு என்ற பகுதி. எங்கள் வகுப்பில் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, விசைப்படகு வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, வலையை அறுத்துவிட்டான் என்ற தகராறு எந்த வருஷம் இல்லாமல் போயிருக்கிறது. நான் எந்தப் பக்கமும் பார்க்காமல் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். ஜன்னலோரத்தில் யாரும் கொட்டாவி விடவில்லை.

சரி, வாங்கலாமா? அளவுக்காக வாங்கலாம், பத்துக்கு ஆறு கொடுப்பேன். கையேட்டை நம்பாதீர்கள், யாத்திராகமம் 27-ஐயும் லேவியராகமம் 6-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே சொல்லிக்கொடுங்கள். தண்டில் பசை இல்லாமல் அனுப்பச் சொல்லி ஆர்டர் போடும்போதே எழுதிவிடுங்கள். சல்லடைக்கு ஒரு துண்டு பழைய வலையை வெட்டிப் போட்டால் இட்லித் தட்டைவிட நன்றாக இருக்கும், தீ மட்டும் வைக்காதீர்கள். கையில் காசு குறைவு, பக்கத்தில் நல்ல ஆசாரி இருக்கிறார் என்றால் வாங்கவே வேண்டாம். பெரிய மாமா கருவேலங்கட்டையில் கொம்போடு சேர்த்து ஒரே மூச்சில் கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், தடைக்காலம் முடிந்தால் படகு வேலை குவிந்துவிடும், அதனால் எப்போது வரும் என்று கேட்காதே என்றும் சொல்லியிருக்கிறார்.

படிக்கட்டை வீணாக்கவில்லை. எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டு வாசலில் வைத்திருக்கிறேன், சாயங்காலமானால் குஞ்சுகள் வரிசையாக அதில் ஏறி உள்ளே போகின்றன.